டிஸ்சார்ஜ் ஆன பிறகு யார் பார்த்துக்கொள்வது?

(நம் சங்கத்தின் மூத்த குடியிருப்போர் கூட்டத்தில், நமது வளாகத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாத பலர் கேட்டுக்கொண்டதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)



செயலாளர் என்னிடம், "சர்க்கரை, பிரஷர் பற்றி ஏதாவது பேசுங்கள் அக்கா" என்றார். அதைப் பேச நிறைய பேர் இருக்கிறார்கள். காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் பத்துப் பேர் பேசுகிறார்கள். நான் வேறொன்று பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் வீட்டில் ஒருவர் ஆபரேஷனோ, பக்கவாதமோ, நிமோனியாவோ வந்து ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரை யார் பார்த்துக்கொள்வது? இதை நீங்கள் வீட்டில் உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா? கையைத் தூக்க வேண்டாம். எனக்கே பதில் தெரியும். நாங்களும் பேசவில்லை.

எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரிக்கிறோம். இன்ஷூரன்ஸ் செல்லுமா என்று நாலு தடவை போன் செய்கிறோம். வீட்டுக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளப்போகிறவரை மட்டும் யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. அது தானாக ஒருவர் தலையில் விழுகிறது. மனைவி, மருமகள், அல்லது பக்கத்தில் குடியிருக்கும் மகள். மத்திய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டில் உள்ளவர்களைச் சம்பளமில்லாமல் கவனித்துக்கொள்ளும் பெண்கள் ஒரு நாளைக்கு 134 நிமிடம் அதற்குச் செலவிடுவதாகவும், ஆண்கள் 76 நிமிடம் செலவிடுவதாகவும் வந்தது. குழந்தைகளைப் பார்ப்பதும் அதில் அடக்கம். ஒரு படுக்கை நோயாளி வீட்டில் இருந்தால் இந்த நிமிடக் கணக்கெல்லாம் எந்த மூலைக்கு என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் நடந்தது

அம்மாவுக்கு அப்போது 74 வயது. பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, எட்டாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

எங்கள் வீட்டில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. அண்ணன் பில்லைக் கட்டி, பைலை வாங்கி வந்து பீரோவில் பத்திரமாக வைத்தார். அண்ணி சீட்டைக் காட்டி மெடிக்கலில் மாத்திரை வாங்கி வந்தார். தம்பி ராத்திரியில் அம்மா கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தான். சித்தி காலையில் வந்து கஞ்சி கொடுத்தார். நான் நர்ஸ் ஆயிற்றே, டியூட்டிக்கு நடுவே போனிலேயே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் விடியற்காலை தம்பி எழுப்புகிறான், அம்மா எழவில்லை. உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியிருக்கிறது. சர்க்கரை 41. ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

பிறகுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சர்க்கரை மாத்திரை ஒரு கம்பெனிப் பெயரில் இருந்தது. வீட்டில் அம்மாவின் பழைய டப்பாவில் இருந்ததும் அதே மருந்துதான், வேறு கம்பெனிப் பெயரில். சித்தி வழக்கம்போலப் பழைய டப்பாவிலிருந்து ஒன்று கொடுத்தார். அண்ணி புது அட்டையிலிருந்து ஒன்று கொடுத்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா சாப்பிட்டதோ பாதிதான்.

அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் மறுபடியும் மூன்று நாள் ஆஸ்பத்திரி. இருபது வருடத்துக்கு மேல் வார்டில் மாத்திரை கொடுத்த நான், அம்மாவின் டப்பாவை ஒரு தடவை திறந்து பார்க்கவில்லை. அண்ணி பார்த்திருப்பார் என்று நான் நினைத்தேன். நர்ஸ் இருக்கிறாளே என்று அண்ணி நினைத்தார்.

ஐந்து பேர் அன்பாகப் பார்த்துக்கொண்டோம். பொறுப்பு ஒருவரிடம் இல்லை. இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். வார்டில் எத்தனை நோயாளி இருந்தாலும் ஷிப்ட்டுக்கு ஒரு சிஸ்டர் பொறுப்பாக இருப்பார். அவர் நோட்டில் எழுதி அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அந்த ஒழுங்கை நான் வார்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

யாரைத் தேர்ந்தெடுப்பது?

பொறுப்பாளர் என்றால் எல்லா வேலையையும் அவரே செய்ய வேண்டும் என்று அர்த்தமில்லை. எல்லா விவரமும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவருக்குத் தெரியாமல் ஒரு மாத்திரைகூட நோயாளி வாய்க்குள் போகக்கூடாது. அப்படிப்பட்டவரைத் தேர்ந்தெடுக்கும்போது ஆறு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, நோயாளியின் விருப்பம். நாம் கேட்க மறக்கும் கேள்வி இதுதான். குளிப்பாட்டுவது, பெட்பேன் வைப்பது, டயப்பர் மாற்றுவது எல்லாம் மானம் சம்பந்தப்பட்ட விஷயம். மருமகள் கையால் உடம்பு துடைத்துக்கொள்ள மாட்டேன் என்று தண்ணீரே குடிக்காமல் இருந்த பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் குடித்தால் சிறுநீர் போக வேண்டுமே என்ற கூச்சம். கேட்டிருந்தால், "பையன் வந்தால் போதும்மா" என்று சொல்லியிருப்பார்.

இரண்டாவது, உடம்பு வலு. எழுபது வயதுக் கணவரை அறுபத்தாறு வயது மனைவி தூக்கி உட்கார வைப்பது என்பது நம் ஊரில் சர்வசாதாரணம். அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே முழங்கால் வலி. பதினைந்தே நாளில் முதுகு பிடித்துக்கொள்ளும், இல்லையென்றால் இருவரும் சேர்ந்து விழுவார்கள். மனைவி பொறுப்பாளராக இருக்கலாம். ஆனால் தூக்குவதற்கு வேறு ஆள் வேண்டும்.

மூன்றாவது, கவனம். பட்டப்படிப்பு தேவையில்லை. மாத்திரை அட்டையில் உள்ள பொடி எழுத்தைப் படிக்க வேண்டும், மணியைக் குறித்து வைக்க வேண்டும், டாக்டர் சொன்னது புரியாவிட்டால் கூச்சப்படாமல் மறுபடி கேட்க வேண்டும்.

நான்காவது, தூரம். மாலை நேரத்தில் வேளச்சேரியிலிருந்து ஆவடிக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் இரண்டு வாரமாவது பொறுப்பாளர் ராத்திரியில் அதே வீட்டில் இருக்க வேண்டும். பெரும்பாலான ஆபத்து ராத்திரி பாத்ரூம் போகும் வழியில்தான் காத்திருக்கிறது.

ஐந்தாவது, மனசு. சிலருக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும். சிலருக்குப் பொறுமை குறைவு. அவர்களும் நல்ல பிள்ளைகள்தான். அவர்களுக்கு வேறு வேலை கொடுங்கள்.

ஆறாவது, சம்மதம். "நீ பார்த்துக்கொள்வாய் அல்லவா?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டால் எந்த மருமகள் மாட்டேன் என்பாள்? தனியாகக் கேளுங்கள். எத்தனை நாள், எந்தெந்த வேலை, ஆபீஸில் லீவு கிடைக்குமா, பிள்ளைகளின் பரீட்சை எப்போது என்று விவரமாகக் கேளுங்கள். "முடியாது" என்று சொல்ல இடம் கொடுத்துக் கேட்டால்தான் "சரி" என்பதற்கு மதிப்பு.

இங்கே ஆண்களிடம் ஒரு வார்த்தை. "எங்களுக்கு இதெல்லாம் வராதுங்க" என்று சொல்கிறீர்கள். ஆவடி டேங்க் பேக்டரியில் முப்பது வருடம் நூலளவு பிசகாமல் வேலை பார்த்தவருக்கு, காலை, மதியம், இரவு என்று மாத்திரை பிரிக்க வராதா? அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவருக்கு, வீட்டில் நாலு பேருக்கு ஷிப்ட் போட வராதா? வரும். கற்றுக்கொண்டால் எல்லாம் வரும்.

ஒருவர் பொறுப்பு, மற்றவர்கள் துணை

பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றவர்கள் கையைக் கழுவிக்கொண்டால், அது தேர்வு இல்லை, தண்டனை. குறைந்தது இன்னும் இரண்டு பேரை நியமியுங்கள்.

ஒருவர் மாற்று ஆள். பொறுப்பாளருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றே வந்து உட்காரக்கூடியவர். நோட்டைப் பார்த்தால் அவருக்கு எல்லாம் புரிய வேண்டும்.

இன்னொருவர் போன் வேலைக்கு. பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் பிள்ளை, "நான் தூரத்தில் இருக்கிறேன், என்ன செய்ய முடியும்?" என்று வருத்தப்படுவார். நிறையச் செய்யலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு பேசுவது, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எடுப்பது, டயப்பரும் மருந்தும் ஆன்லைனில் வரவழைப்பது, சொந்தக்காரர்களுக்குத் தினமும் நிலவரம் சொல்வது. பொறுப்பாளருக்கு ஒரு நாளைக்கு இருபது போன் வந்தால் அவர் நோயாளியை எப்போது பார்ப்பார்?

பிள்ளைகள் யாரும் ஊரில் இல்லாத வீடுகள் நம் வளாகத்திலேயே இருக்கின்றன. தங்கை, மைத்துனர், அண்ணன் மகன் என்று யாரையாவது கேளுங்கள். ஒருவருமே இல்லையென்றால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வீட்டில் ஆள் இல்லை என்று தெரிந்தால் இரண்டு நாள் கழித்து அனுப்பலாம், அல்லது உடல் தேறும்வரை தங்கிச் சிகிச்சை பெறும் இடத்துக்கு எழுதிக் கொடுக்கலாம். "பிள்ளைகள் வருவார்கள்" என்று கௌரவத்துக்குச் சொல்லிவிட்டு, தனியாக வந்து கட்டிலில் படுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்

அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலம் 2014இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பிறகு நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதைப் பின்பற்றின. அதில் மூன்றே விஷயம்தான். வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவர் பெயரை ஆஸ்பத்திரி பதிவு செய்ய வேண்டும். டிஸ்சார்ஜ் செய்வதை அவருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். வீட்டில் செய்ய வேண்டிய மருத்துவ வேலைகளை அவருக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். நம் ஊரில் அப்படி ஒரு சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். வாய் இருக்கிறது, கேட்போம். சேர்த்த இரண்டாம் நாளே வார்டு சிஸ்டரிடம் போய், "வீட்டில் பார்த்துக்கொள்ளப் போவது நான்தான், என் பெயரையும் போன் நம்பரையும் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொள்ளுங்கள் சிஸ்டர்" என்று சொல்லுங்கள். எங்களுக்கும் அது நிம்மதி. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருப்போம்.

டிஸ்சார்ஜ் அன்று கூட்டமும் அவசரமுமாக இருக்கும். அதனால் முந்தின நாளே கற்றுக்கொள்ளுங்கள். சிஸ்டர் செய்து காட்டுவதைப் பார்த்தால் மட்டும் போதாது. அவர் பக்கத்தில் நிற்க, நீங்கள் ஒரு தடவை செய்துவிடுங்கள்.

மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுப்பதென்றால், தலைப்பக்கத்தை உயர்த்தி உட்கார்ந்த வாக்கில் வைத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்து முடித்து அரை மணி நேரமாவது படுக்க வைக்கக்கூடாது. சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால், பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையில் படக்கூடாது. தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். புட்டத்திலும் குதிகாலிலும் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். அழுத்திப் பார்த்தும் சிவப்பு மாறாவிட்டால் படுக்கைப்புண் தொடங்குகிறது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதை பிசியோவிடம் கேட்டுச் செய்து பாருங்கள். கையைப் பிடித்து இழுப்பது தப்பு. குறிப்பாகப் பக்கவாதம் வந்த கையை இழுத்தால் தோள் மூட்டு நழுவிவிடும்.

அடுத்தது மாத்திரை. வீட்டில் இருக்கும் பழைய மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பக்கத்தில் வைத்து, "இதில் எது தொடர வேண்டும், எது நிறுத்த வேண்டும், எது புதிது?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அட்டையில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பெயரும் இருக்கும். இரண்டு அட்டையில் அதே மருந்துப் பெயர் இருந்தால் உடனே காட்டுங்கள். நிறுத்தச் சொன்னதை அன்றே வீட்டிலிருந்து அகற்றிவிடுங்கள். நாங்கள் இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யாததால்தான் அம்மா மறுபடி படுத்தார்.

பிரிட்ஜ் கதவில் ஒரு தாள்

வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டுப் போடுங்கள். மாத்திரை கொடுத்தவர் நேரத்தையும் தன் பெயரையும் எழுத வேண்டும். எழுதவில்லையென்றால், கொடுத்தாயா என்று பொறுப்பாளர் கேட்கும்வரை அடுத்தவர் கொடுக்கக்கூடாது. சாப்பாடு, சிறுநீர், மலம், காய்ச்சல், சர்க்கரை எல்லாம் அதே நோட்டில். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அதைக் காட்டினால் அவர் பாதி வேலையை முடித்துவிடுவார்.

பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். மேலே பொறுப்பாளர் பெயர், போன் நம்பர். கீழே, எதைக் கண்டால் காத்திருக்காமல் கிளம்ப வேண்டும் என்ற பட்டியல். அவரவர் நோய்க்கேற்ப டாக்டரே சொல்வார். பொதுவாக இவை இருக்கட்டும்: முகம் கோணுவது, ஒரு கை துவளுவது, பேச்சுக் குழறுவது, திடீர் மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, காய்ச்சலோடு தையல் போட்ட இடத்தில் சீழ், நன்றாகப் பேசியவர் சம்பந்தமில்லாமல் உளறுவது, குழாய் இருந்தும் நாலு மணி நேரமாகச் சிறுநீர் வராமல் இருப்பது.

சர்க்கரை நோயாளிக்கு வியர்த்து, நடுங்கி, குழப்பம் வந்தால் உடனே சோதித்துப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்து, விழுங்க முடிகிற அளவு நினைவும் இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். 108ஐக் கூப்பிடுங்கள். மாத்திரையால் இறங்கிய சர்க்கரை, ஏறிய பிறகும் மறுபடி இறங்கலாம். அதனால் தெளிந்துவிட்டாரே என்று இருந்துவிடாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

சம்பளத்துக்கு ஆள் வைத்தால்

"ஏஜென்சியில் ஆள் வைத்துவிட்டோம், இனி கவலையில்லை" என்பவர்கள் உண்டு. ஆள் வைப்பது நல்லதுதான், முடிந்தவர்கள் வையுங்கள். ஆனால் அட்டெண்டர் வேறு, நர்ஸ் வேறு. துடைப்பது, ஊட்டுவது, நடக்க வைப்பது அட்டெண்டர் வேலை. ஊசி, குழாய் மாற்றுவது, புண்ணுக்கு மருந்து கட்டுவது நர்ஸ் வேலை. நர்ஸ் என்று சொன்னால் தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். உண்மையான நர்ஸ் கோபித்துக்கொள்ள மாட்டார். அடையாள அட்டை நகலை வாங்கி, போலீஸ் சரிபார்ப்பும் செய்துகொள்ளுங்கள். அவருக்குச் சாப்பாடு, படுக்க இடம், ஓய்வு நேரம் எல்லாவற்றையும் முதல் நாளே பேசிவிடுங்கள்.

ஆள் வைத்தாலும் பொறுப்பு வீட்டுக்காரர் ஒருவருடையதுதான். மாத்திரையை நீங்கள் எடுத்து வையுங்கள், அவர் கொடுக்கட்டும். வாரம் ஒரு முறை நீங்களே உடம்பு துடைத்துப் பாருங்கள். புண் இருந்தால் அப்போதுதான் கண்ணில் படும்.

பணமும் கையெழுத்தும்

பேச யாருக்கும் பிடிக்காது, ஆனால் பேச வேண்டும். ஒருவர் நினைவில்லாமல் படுத்துவிட்டால் அவர் அக்கவுன்ட்டில் இருக்கும் பணத்தை மனைவியால்கூடத் தொட முடியாமல் போகலாம். பவர் பத்திரம் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் புத்தி சுவாதீனம் இழந்தால் சாதாரணப் பவர் செல்லாது. 2024இல் கோமாவில் இருந்த கணவரின் சொத்தை வைத்து அவர் சிகிச்சையையும் குடும்பத்தையும் பார்க்க, ஒரு பெண் சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு வரை போய்த்தான் பாதுகாவலராக நியமனம் பெற முடிந்தது.

ஆகவே நன்றாக இருக்கும்போதே, அவசரச் செலவுக்கு உள்ள ஒரு அக்கவுன்ட்டையாவது இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். நினைவு நன்றாக இருந்து, கையெழுத்து மட்டும் போட முடியாதவர் பெருவிரல் ரேகை வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி வழிசெய்திருக்கிறது. இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரி. மேனேஜரிடம் கேளுங்கள்.

பணத்தைக் கையாள்பவரும் உடம்பைப் பார்ப்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்பதில்லை. வெவ்வேறு ஆளாக இருந்தால் சண்டை குறையும். பார்த்துக்கொள்ள வந்த மகள் டயப்பர் வாங்கக்கூட அண்ணனிடம் கணக்குச் சொல்லும் நிலை வேண்டாம். மாதம் ஒரு தொகையை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் சம்பளம் விட்டு வந்திருந்தால் அதையும் எல்லோரும் சேர்ந்து ஈடுகட்டுங்கள். அன்புக்கு விலையா என்று கேட்காதீர்கள். அவருக்கும் ஈஎம்ஐ இருக்கிறது.

நமக்குப் பக்கத்தில் உள்ள உதவிகள்

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினார்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரை மட்டுமல்ல, படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் அதில் உண்டு. அபார்ட்மென்ட்வாசிகளுக்கு இல்லை என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அம்பத்தூர் என்றால் சென்னை மாநகராட்சியின் 7ஆவது மண்டலம். ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. பூந்தமல்லி நகராட்சி. உங்கள் உறவினர்கள் எதில் வருகிறார்கள் என்று பார்த்து அங்கே கேட்கச் சொல்லுங்கள்.

முதியோர் மருத்துவத்துக்கென்று தனிப் பிரிவு, சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முயற்சியில் 1978இலேயே தொடங்கியது. இப்போது கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் 2024 முதல் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு மாத்திரை சாப்பிடும் பெரியவர்களை ஒரு தடவை இப்படி ஓரிடத்தில் காட்டி, எது தேவை எது தேவையில்லை என்று கேட்பது நல்லது. மருத்துவ ஆலோசனைக்கு 104, மூத்த குடிமக்கள் உதவிக்கு 14567. இரண்டையும் போனில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள்.

பார்த்துக்கொள்பவரை யார் பார்ப்பது?

ராத்திரி மூன்று தடவை எழுந்தவர் பகலில் எரிந்து விழுவார். பிறகு, "அம்மாவிடம் இப்படிப் பேசிவிட்டேனே" என்று குமுறி அழுவார். இது கெட்ட குணம் இல்லை, தூக்கமின்மை. வாரத்தில் ஒரு முழு நாளும், தினமும் இரண்டு மணி நேரமும் பொறுப்பாளருக்கு ஓய்வு கொடுங்கள். அதை முதல் நாளே அட்டவணையில் எழுதுங்கள். "எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு, வருகிறேன்" என்பவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். "ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து ஆறு வரை நான் இருக்கிறேன், நீ வெளியே போய் வா" என்று சொல்லுங்கள்.

பார்க்க வருகிறவர்களுக்கும் ஒன்று. ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமும் போதும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே, "நீ போய் ஒரு மணி நேரம் தூங்கும்மா, நான் உட்கார்ந்திருக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அதைவிடப் பெரிய பழக்கூடை கிடையாது. "நீ சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை, இளைத்துவிட்டாரே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

நம் வளாகத்துக்கு மூன்று வேண்டுகோள்

நம் பிளாக்குகளின் லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் படுத்த வாக்கில் நுழையாது, அளந்து பார்த்துவிட்டேன். சங்கம் ஒரு வீல்சேரையும், படிக்கட்டில் தூக்கிச் செல்லும் துணி ஸ்ட்ரெச்சரையும் வாங்கி கேட் அருகே வைக்க வேண்டும். இரண்டாவது, ஆம்புலன்ஸ் வந்தால் எந்தக் கேட், எந்த வழி என்று செக்யூரிட்டிகளுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்றாவது, யார் வீட்டிலாவது ஒருவர் டிஸ்சார்ஜ் ஆகி வந்தால், விருப்பமிருந்தால் பொறுப்பாளரின் பெயரையும் நம்பரையும் அலுவலகத்தில் கொடுங்கள். வெளியே போட வேண்டாம், உள்ளே ஒரு கவரில் இருக்கட்டும்.

எல்லோருக்கும் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டு முடிக்கிறேன். இன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் மூன்று கேள்வி கேளுங்கள். "எனக்கு முடியாமல் போனால் என்னை யார் பார்த்துக்கொள்வீர்கள்? அவருக்கு யார் துணை? என் மாத்திரை டப்பா எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?" முதலில், "ஏன் இப்போது அபசகுனமாகப் பேசுகிறீர்கள்?" என்பார்கள். சிரித்துக்கொண்டே மறுபடி கேளுங்கள்.

அம்மா அதன் பிறகு ஒன்பது வருடம் இருந்தார். இரண்டாவது தடவை வீட்டுக்கு அழைத்து வந்தபோது, யார் பொறுப்பு என்று அவரிடமே கேட்டோம். நர்ஸ் மகளைச் சொல்வார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அம்மா தம்பியைக் காட்டினார். "அவன்தான் நான் சொல்வதைக் கேட்கிறான்" என்றார். அவன் நோட்டுப் போட்டு, மணி பார்த்து, ஒரு மாத்திரை தவறாமல் பார்த்துக்கொண்டான். நான் ஞாயிற்றுக்கிழமை டியூட்டி.